கை அளவு

ஜூன் 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நானும் உன் மகளும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாயா? உன்னைத் தெரியாதா எனக்கு.

சுண்டுவுக்கு மெஷின் பைத்தியம் பிடித்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டி வந்து மெஷின்களைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். பொறியியல் என்றால் பிள்ளைகள் பயந்து ஓடக்கூடாதாம், அதிலும் பெண் பிள்ளைகள். இதை யார் தலையில் கட்டலாம் என்று முதல்வர் தேடியபோது, பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நின்றுகொண்டிருந்த நான் கண்ணில் பட்டேன். வீட்டில் தனியாக விட்டு வர வேண்டாமே என்று சுண்டுவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

"சனிக்கிழமையும் ஸ்கூலா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். முடியைக் கட்டு, கைச்சட்டையை மடக்கு, வளையலைக் கழற்று என்று நான் சொன்னதற்கெல்லாம் உதட்டைச் சுழித்தாள். டிரில்லிங் மெஷினில் ஒரு தகட்டில் முதல் ஓட்டை போட்டாள் பார், அவ்வளவுதான். சுருள் சுருளாக இரும்பு உரிந்து வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தவள், அந்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "அத்தை, இதுக்குள்ள பாத்தா நீங்க அழகா இருக்கீங்க" என்கிறாள். திமிரைப் பார்த்தாயா?

வருஷக் கடைசியில் நன்றாகச் செய்கிற பெண் ஒருத்திக்குக் கல்லூரியில் இடம் நிச்சயம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். அது சுண்டுதான் என்று நான் சொன்னால் அத்தைப் பாசம் என்பார்கள். மற்ற பயிற்றுநர்களே சொல்கிறார்கள். அவள் அம்மா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். தைலம் பாதி தீர்ந்துவிட்டது, நம்பு.

கடிதத்தை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தகடு இறக்குகிறவன் மகள் தகட்டில் ஓட்டை போடுகிறாள் என்று ஒரே கேலி. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், முதுகுவலியோடு.

ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது அக்கா. இந்தத் தீவுத் துறைமுகத்தில் மெஷின் என்று எதுவும் கிடையாது. கப்பலில் இருந்து வருகிற இரும்புத் தகட்டைத் தூக்குவோம், அடுக்குவோம், கட்டுவோம். அதற்கே கையுறை இல்லாமல் மேஸ்திரி உள்ளே விடமாட்டார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு நாள் அசட்டையாக வெறுங்கையால் தகட்டைப் பிடித்தார். பெருவிரல் போய்விட்டது. வெறும் தகட்டுக்கே இப்படி என்றால் ஓடுகிற மெஷினுக்கு எப்படி இருக்கும்?

இங்கே தோல் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார், ஊசி அண்ணன் என்போம். சுண்டுவின் கை அளவுக்கு ஒரு ஜோடி கையுறை தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வலது கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பச் சொல். என் பிள்ளை வெறுங்கையோடு மெஷின் பக்கம் போகக்கூடாது.

உன் தம்பி

ஜூலை 24

அன்புள்ள அப்பாவுக்கு,

சுண்டு எழுதுவது. நான் நல்லா இருக்கேன். அத்தையும் நல்லா இருக்காங்க, ஆனால் என்னைத் திட்டும்போது இன்னும் நல்லா இருக்காங்க.

கை வரைந்து அனுப்பியிருக்கிறேன். சுண்டுவிரல் கிட்ட பேனா வழுக்கிவிட்டது. ஆறாவது விரல் மாதிரி ஒன்று தெரியும், அதை ஊசி அண்ணன் நம்ப வேண்டாம். நகமெல்லாம் நான் சும்மா வரைந்தது.

அப்பா, நான் ஒரு போல்ட்டும் நட்டும் செய்தேன். அது ஒன்றோடு ஒன்று சேர்ந்தது! ஒரு பையன் செய்தது சேரவே இல்லை. பாவம் என்று நினைத்தேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மீதியை நீங்க வரும்போது சொல்கிறேன்.

உங்கள் சுண்டு

செப்டம்பர் 5

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உனக்குச் சளி பிடித்திருந்ததாக எழுதியிருந்தாயே, விட்டதா?

கையுறை வந்து சேர்ந்தது. உன் ஊசி அண்ணன் கைக்கு ஒரு கும்பிடு. விரலுக்கு விரல் அப்படிப் பொருந்துகிறது. மணிக்கட்டில் சிவப்பு நூலால் ஒரு எலி வேறு தைத்திருக்கிறார். சுண்டெலி என்று நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். அவள் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள், அதைப் போட்டுக்கொண்டு படித்தாள், இப்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். "அப்பா கையைப் பிடிச்ச மாதிரி இருக்கு அத்தை" என்றாள்.

மெஷினில் வேலை செய்யும்போது தவறாமல் போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டிருக்கிறாய். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வேண்டாம், பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு அரம் போட்டுத் தேய்க்கும்போது போட்டுக்கொள்கிறாள்.

கையுறையோடு மெஷின் முன்னால் நிற்கிற மாதிரி போட்டோ கேட்டாயே, அதற்கு வழி பிறந்துவிட்டது. சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கல்லூரி ஒரு சிறு புத்தகம் போடுகிறது. போட்டோக்காரர் வருகிறார். அட்டையில் சுண்டுவின் படம்தான் வர வேண்டும் என்று முதல்வரே சொல்லிவிட்டார். உனக்கு ஒரு பிரதி வாங்கி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் இரண்டு பேரும் சுகமா? கடிதமே இல்லையே. தபால்காரன் படகில் இருந்து இறங்கும்போதெல்லாம் நான்தான் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன். அவனே இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

போட்டோ என்ன ஆயிற்று? ஊசி அண்ணன் தினமும் கேட்கிறார். அவர் வேலையை அவரே படத்தில் பார்க்க வேண்டுமாம். வளரும் கைதானே, அடுத்த வருஷத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு ஜோடி தைத்து வைக்கிறேன் என்கிறார். மறுபடி கையை வரைந்து அனுப்பச் சொல்.

அவள் கைப்பட ஒரு வரியாவது எழுதச் சொல் அக்கா. பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டாளா, அப்பாவுக்கு எழுத நேரமில்லையா?

உன் தம்பி

நவம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போட்டோ சரியாக விழவில்லை. அன்றைக்கு வெளிச்சம் போதவில்லை என்றார்கள்.

சுண்டுவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தாள். இப்போது எழுந்து உட்காருகிறாள். கஞ்சி குடிக்கிறாள். பள்ளிக்கு இன்னும் போகவில்லை. கொஞ்சம் தேறியதும் அவளே எழுதுவாள். நீ கவலைப்படாதே.

மழை பலமாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

நவம்பர் 10

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்து பற்றிய விளக்கத்தை எழுத்தில் கேட்டிருந்தீர்கள்.

தாங்கள் அனுப்பிய அறிக்கையில், "மாணவி விதியை மீறி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கையுறையை அணிந்திருந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் என் வேலையும் தப்பும், சனிக்கிழமை வகுப்பும் தப்பும் என்று நேரில் சொன்னீர்கள். என் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுழலுகிற மெஷின் முன்னால் கையுறை கூடாது என்பது நான் நடத்துகிற முதல் நாள் பாடம். வெறுங்கை பட்டால் காயத்தோடு போகும். கையுறை பட்டால் மெஷின் விடாது. நூலைச் சுற்றுகிற மாதிரி தோலைச் சுற்றிக்கொண்டு, உள்ளே இருக்கிற விரலையும் சேர்த்து இழுக்கும். இது என் மருமகளுக்கு நன்றாகத் தெரியும். அவளாக ஒரு நாளும் போட்டதில்லை. அன்று போட்டுக்கொள்ளச் சொன்னவள் நான். நிற்கிற மெஷின்தானே, படத்துக்கு மட்டும்தானே என்று நினைத்தேன். அவள் அப்பா கேட்ட படம் அது.

அதற்குப் பிறகு நடந்தபோது தாங்களும் அங்கேதான் இருந்தீர்கள். மெஷின் ஓடி, சுருள் பறந்தால்தான் படம் நன்றாக இருக்கும் என்றார் போட்டோக்காரர். சுழலும் பாகத்தை மூடியிருக்கிற காப்பு வலை முகத்தை மறைக்கிறது என்றார். "ஒரு நிமிஷம்தானேம்மா, கழட்டுங்க" என்று ஒரு குரல் சொன்னது. வலையைக் கழற்றியது நான். சுவிட்சைப் போட்டதும் நான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவளும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தாமதமாகிவிட்டது.

வலது கையில் நடுவில் இருந்த மூன்று விரல்களும் போய்விட்டன.

கையுறையைத் தைத்து வாங்கி அனுப்பியவர் அவள் அப்பா, என் தம்பி. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அனுப்பினான். அது மெஷினுக்கு ஆகாது என்று அப்போதே ஒரு வரி எழுதியிருக்கலாம். அவன் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். அவனுக்கு இது தெரிந்தால் தாங்கமாட்டான். ஆகவே அறிக்கையில் கையுறை என்ற சொல்லே வரக்கூடாது. பயிற்றுநர் அஜாக்கிரதையாகக் காப்பு வலை இல்லாமல் மெஷினை ஓட்டினார் என்று மட்டும் எழுதுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன். வலையைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்பேன்.

இப்படிக்கு,
பட்டறைப் பயிற்றுநர்

டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

சுண்டு எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?

கையெழுத்தைப் பார்த்து, கோழி கிண்டின மாதிரி இருக்கு என்று சிரிக்காதீங்க. இடது கையால் எழுதிப் பழகுகிறேன். பள்ளியில் எங்களுக்குள் ஒரு பந்தயம். நான்தான் ஜெயிப்பேன்.

கை வரைந்து அனுப்பியிருக்கிறேன். பேனா பிடித்தது அத்தை. இது இடது கை. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் வலது கை ஆகிவிடும். ஊசி அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும்.

அத்தை இப்போது வீட்டிலேயே இருக்காங்க. குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போடுறாங்க. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிறேன்.

போல்ட்டும் நட்டும் உங்களுக்கு இத்துடன் அனுப்புகிறேன். பெட்டியில் வைத்துக்கொள்ளுங்க.

உங்கள் சுண்டு

ஜனவரி 14

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் வலது கை, நகத்தோடு. இரண்டாவதில் இடது கை. வலது கைக்காரப் பிள்ளை எதற்கு இடது கையால் எழுதுகிறாள்? பேனாவை எதற்கு நீங்கள் பிடித்தீர்கள்? ஊசி அண்ணன் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

படகு பிடித்து நகரத்துக்குப் போய் உங்கள் கல்லூரிக்குப் போன் போட்டேன். காவலாளி எடுத்தார். யார் என்று சொன்னேன். "ஓ, அந்தக் கை போன பொண்ணோட அப்பாவா?" என்று கேட்டார். என் மகளுக்கு ஊரில் அதுதான் பெயரா? கவனம் இல்லாமல் மெஷினை ஓட்டியதால் உங்களை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்றார். அதற்கு மேல் கேட்க என்னால் நிற்க முடியவில்லை.

காய்ச்சல் என்று எழுதினீர்கள். வெளிச்சம் போதவில்லை என்று எழுதினீர்கள். அம்மா இல்லாத பிள்ளையை உங்களை நம்பி விட்டுவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுதுங்கள். வெறுங்கையோடு மெஷின் பக்கம் போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே, அன்றைக்கு அவள் நான் அனுப்பிய கையுறையைப் போட்டிருந்தாளா?

தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. சாப்பிடுகிறாயா?

நீ பேச ஆரம்பித்த நாளில் இருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். எழுது, அது நியாயம்தான்.

உன் கேள்விக்குப் பதில்: போட்டிருக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்று கழற்றி வைக்கச் சொன்னேன். அலமாரியில் புதுசு கலையாமல் இருக்கிறது. காப்பு வலையைக் கழற்றினதும் நான்தான். தப்பு முழுக்க என்னுடையது, அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது.

சுண்டு பள்ளிக்குப் போகிறாள். "மூணு போனாலும் சுண்டுக்குச் சுண்டுவிரல் தங்கிடுச்சு பாத்தீங்களா" என்று என்னிடம் தமாஷ் பண்ணுகிறாள். நான் சிரிக்கிறவரைக்கும் விடமாட்டேன் என்கிறாள்.

கல்லூரியில் அவளுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பட்டறை வேலைக்கு இரண்டு கையும் வேண்டுமாம். ஆனால் சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. இப்போது சிறிய மெஷின்களை ஒரு வண்டியில் ஏற்றிப் பள்ளிகளுக்கே கொண்டு போகிறார்கள். கடைசி வருஷ மாணவர்கள் இரண்டு பேர் நடத்துகிறார்கள். ஏப்ரலில் சுண்டுவின் பள்ளிக்கும் வருகிறது. அன்றைக்கு லீவு போடச் சொன்னேன். கேட்க மாட்டேன் என்கிறாள்.

உன் அக்கா

மார்ச் 6

அக்கா அவர்களுக்கு,

சுகம். மே மாதம் வந்து என் மகளை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை உங்களிடம் இருக்கட்டும், வேறு போக்கிடம் இல்லை.

உங்கள் பதிலைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மனதில் ஒரு தெளிவு வந்தது. நான் அனுப்பினது சரி. அதைப் போட்டிருந்தால் என் பிள்ளை கை தப்பியிருக்கும். அந்த ஒரு நினைப்பில்தான் நான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

வண்டி அவள் பள்ளிக்கு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகக்கூடாது. விஷயத்தைக் கேட்டு இங்கே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து தோல் வெட்டினோம், ஊசி அண்ணன் தைத்தார். ஊருக்குக் கிளம்ப வேண்டியவர் அதற்காகவே தங்கினார். ஒரு பெட்டி நிறையக் கையுறை, எல்லாம் பிள்ளைகள் அளவு. பள்ளித் தலைமையாசிரியைக்கு நேராக அனுப்பிவிட்டேன். வண்டி வருகிற அன்று சுண்டு எல்லோர் முன்னாலும் நின்று கையைக் காட்டி, "நான் கையுறை போடலை, நீங்க போட்டுக்கோங்க" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அப்பா கேட்டேன் என்று சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 24

தம்பி,

பெட்டி வந்துவிட்டது. தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் சிவப்பு நூல் எலி.

அதைக் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் கல்லூரி அனுப்பியிருந்த விபத்து அறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார். "அஜாக்கிரதைன்னு உங்களை வேலையை விட்டு அனுப்பியிருக்காங்க. உங்க பேச்சைக் கேட்டு, ஒரு அப்பா அனுப்பினதை நான் எப்படிம்மா நிறுத்துவேன்? அனுப்பினவரே எழுதட்டும், நிறுத்துறேன்" என்றார். வண்டியோடு வருகிற மாணவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் தலைமையாசிரியை போட்டுக்கொள்ளச் சொல்லி, யாராவது படமும் எடுத்தால் அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நானே பேசவில்லையே.

உன் கடிதத்தைச் சுண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். தாளை வாங்கி அவளே இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "நான் சொன்னா அவங்க போட்டுக்குவாங்க அத்தை. அப்பாவுக்கு எழுதிடுங்க" என்றாள். அப்பா தாங்கமாட்டாரே என்றேன். "எனக்கும்தான் தாங்காதுன்னு நெனச்சீங்க" என்றாள். இப்போது என் பக்கத்தில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுற்றி வளைத்து எழுத விடமாட்டாள்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் படகு பிடித்துப் போய்த் தலைமையாசிரியைக்குப் போன் போடு. அதற்கு முன் தனியாக உட்காராதே. ஊசி அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஆனால் போன் போடாமல் இருந்துவிடாதே.

அலமாரியில் இருப்பது இடது கைக்கானது மட்டும். வலது கையுறையை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். போன செப்டம்பரில் நான் உனக்கு எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி. ஓடுகிற மெஷின் முன்னால் கையுறை போடக்கூடாது, தம்பி. அன்றைக்கு அவள் போட்டிருந்தாள்.

அக்கா